கூட்டலில் விடுபட்ட பிராசசர்

முகிலா,

நீங்கள் இருவரும் இன்னும் பெட்டிகளைப் பிரித்துக்கூட முடித்திருக்க மாட்டீர்கள். அதற்குள் அம்மாவிடமிருந்து இவ்வளவு நீளமாக ஏதோ வந்திருக்கிறதே என்று பயந்துவிடாதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை. கல்யாணப் பந்தலை நேற்றுதான் கழற்றிக்கொண்டு போனார்கள். வாடகை நாற்காலிகளும் போய்விட்டன. வாசலில் கட்டிய வாழைமரங்கள் மட்டும் இலை தொங்கிப்போய் நிற்கின்றன. பக்கத்து வீட்டு அக்கா, "வெட்டிப் போட்டுறட்டா?" என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் மலர்விழி அடுப்படியில் உட்கார்ந்து எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். உரித்துக்கொண்டே, "அத்தே, உங்க மகன் எப்பவும் இப்படித்தானா? நான் பத்து வார்த்த பேசுனா அவரு ஒன்னு பேசுறாரு" என்றாள். "அவன் மட்டுமில்லம்மா, நானும் அப்படித்தான்" என்றேன். "அலாமாக்! அப்ப இந்த வீட்ல யாருதான் பேசுனது?" என்று அவள் சிரித்தாள். நான் கையிலிருந்த கத்தியாலேயே கூடத்தைக் காட்டினேன். அங்கே உன் அப்பாவின் படம் மாட்டியிருக்கிறது, பூ போட்டு. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முழங்கையைத் தொட்டாள். நல்ல பெண். அவள் கேட்டதற்கு அன்றைக்கு நான் முழுதாகப் பதில் சொல்லவில்லை. இதை அவளும் படிக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களைக்கூட நான் விளக்கிச் சொல்லிக்கொண்டு போவேன். நீ பொறுத்துக்கொள்.

மலர், உன் மாமனார் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். நான் பினாங்கில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டருக்கு டிரைவர் எழுதினேன். பிரிண்டர், டிஸ்க் போன்ற சாமான்களைக் கம்ப்யூட்டர் பேச்சுக் கேட்க வைக்கும் நிரலுக்கு அப்படித்தான் பெயர். அந்தப் பெயர் அவருக்குத் தெரியவந்த நாளிலிருந்து எங்கள் வட்டாரமான புந்தோங்கில் யாரைப் பார்த்தாலும், "என் வீட்ல ரெண்டு டிரைவர்லா. நான் பஸ்ஸ ஓட்டுறேன், அவ கம்ப்யூட்டர ஓட்டுறா" என்பார். நாங்கள் இருவரும் கோலா கங்சார் போகும் வழியில் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். அவர் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் எல்லோரும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் இறக்கியவர்கள்தான். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டியபோது இரண்டு குடும்பங்களும் ஈப்போவுக்கு வந்தன. அந்த இடத்தை நினைத்து எனக்கு ஏக்கம் எதுவும் கிடையாது. விடியும் முன் எழுந்து ஓடியதும் கொசுக்கடியும்தான் நினைவில் இருக்கின்றன. என் ஏக்கமெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலங்கள் மேல்தான். வாரம் முழுக்கப் பினாங்கில் இருந்துவிட்டு நான் பஸ்ஸில் வந்து இறங்குவேன். இவர் நிறுத்தத்தில் காத்திருப்பார். வீடு வந்து சேர்வதற்குள் அந்த வாரத்தில் எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்கியது, எந்த டீச்சருக்குக் கல்யாணம் என்று எல்லாம் சொல்லி முடித்திருப்பார். நான் "ம்" என்பேன். அவருக்கு அது போதும்.

நீ பிறந்து வளர்ந்து, என்னைப் போலவே "ம்" சொல்கிறவனாக ஆனாய். சாப்பாட்டு மேசையில் அவர் பேசுவார், நாம் இருவரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தலையாட்டுவோம். நீ டப்ளினுக்குப் போன பிறகும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை அவர்தான் வீடியோவில் கூப்பிடுவார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன். நீ சொன்னதை அவர் திரும்பி எனக்குச் சொல்வார், நான் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாலும். "சாப்பிட்டானாம். அங்க குளிராம்." உனக்கும் எனக்கும் நடுவே அவர் இருந்ததால் நாம் இருவரும் நேராகப் பேசிப் பழகவே இல்லை. அப்போது அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

நாம் இருவரும் நேராகப் பேசியது ஒரே ஒரு விஷயம்தான். நீ வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தாய். பெரிய மருத்துவமனைகளும் வங்கிகளும் கோப்புகளைச் சேமித்து வைக்கும் மெஷின்களுக்கு நீ கெர்னல் எழுதிக்கொண்டிருந்தாய். கெர்னல் என்பது இயக்குதளத்தின் நடுப்பகுதி, மலர். மற்ற எல்லா நிரல்களும் அதனிடம் அனுமதி கேட்டுத்தான் எதையும் செய்யும். முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நீ ஒரு காகிதத்தில் கட்டம் கட்டமாக வரைந்தாய். "மா, உங்க காலத்துல ஒரு கவுன்ட்டர எப்படி எழுதுவீங்க?" என்றாய். என் காலத்தில் ஒரு மெஷினுக்கு ஒரு பிராசசர், அதாவது வேலை செய்யும் மூளை, பிறகு இரண்டு. எதையாவது எண்ண வேண்டுமென்றால் எல்லோருக்கும் பொதுவாக ஓர் எண் வைப்போம், அதற்கு ஒரு பூட்டுப் போடுவோம். பூட்டைப் பிடித்தவர் ஒன்றைக் கூட்டிவிட்டு விடுவார், அடுத்தவர் பிடிப்பார். "இப்ப ஒரு மெஷின்ல நூத்துக்கு மேல பிராசசர் இருக்கும்மா. எல்லாம் அந்த ஒரே எண்ணுக்காகக் காத்துக்கிட்டு நிக்கும். வேல செய்றத விடக் காத்துக்கிட்டு நிக்கிறதுதான் அதிகம்" என்றாய். அதனால் நீங்கள் ஒவ்வொரு பிராசசருக்கும் சொந்தமாக ஒரு சின்னக் கவுன்ட்டர் கொடுக்கிறீர்கள். அது தன்னுடையதில் மட்டும் கூட்டும், கழிக்கும். யாரையும் கேட்க வேண்டாம், யாருக்காகவும் நிற்க வேண்டாம். சின்னக் கவுன்ட்டர் ஓர் அளவைத் தாண்டினால் மட்டும் அதைக் கொண்டுபோய்ப் பொதுக் கணக்கில் கொட்டும். சுமாரான கணக்குப் போதுமென்றால் பொதுக் கணக்கைப் பார்த்தால் போதும். சரியான கணக்கு வேண்டுமென்றால் எல்லாப் பிராசசரிடமும் ஒரு சுற்றுப் போய்க் கூட்ட வேண்டும்.

அப்பா வாயில் முறுக்கோடு கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப சரியான கணக்கு எவனுக்குமே தெரியாது. நம்ம கோயில் கமிட்டி மாதிரிதான்லா" என்றார். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நாம் இருவரும் வெகுநேரம் பேசினோம், அவர் நம்மை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாதே" என்றார்.

அவர் இறந்ததைப் பற்றி நீளமாக எழுத மாட்டேன். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து, நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று உட்கார்ந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உனக்குச் செய்தி அனுப்பினேன், நீ கிடைத்த முதல் விமானத்தில் ஏறினாய். நீ வந்து சேர்ந்தபோது கூடத்தில் படுக்க வைத்திருந்தோம். மகன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாய். தலை மொட்டையாக, ஈர வேட்டியோடு நீ நின்றது என் கண்ணிலேயே இருக்கிறது. வந்தவர்களெல்லாம் அழுதார்கள். நாம் இருவரும் அழவில்லை. கருமாதி முடிந்து நீ திரும்பிப் போனாய். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுவாய். "சாப்பிட்டீங்களா மா?" "சாப்பிட்டேன். நீ?" "ம்." "குளிரா?" "ம், குளிர்தான்." பிறகு ஒன்றும் இருக்காது. போன் திரையில் உன் முகமும், மூலையில் சின்னதாக என் முகமும். இரண்டு பேரும் அடுத்தவர் பேசட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். வீடியோ போய்க் குரல் மட்டும் ஆயிற்று. குரலும் போய், "சாப்பிட்டேன்" என்ற செய்தி மட்டும் ஆயிற்று. கோபமோ சண்டையோ எதுவும் இல்லை. அதனால்தான் அதைச் சரிசெய்யவும் வழி தெரியவில்லை.

அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போன பிறகு, ஒரு நாள் பிற்பகல் நீ கூப்பிட்டாய். அது ஞாயிறுகூட இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போனை எடுத்தேன். "மா, என் கோடுல ஒரு பிழை. கண்டுபிடிக்க முடியல" என்றாய். உன் குரல் கரகரவென்று இருந்தது. கோடு என்றது நிரலை; நீ எழுதிய அந்தக் கவுன்ட்டர்தான். ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் மெஷினில் அது ஓடிக்கொண்டிருந்தது. படம் ஒன்றை எழுதத் தொடங்கும்போது கவுன்ட்டரில் ஒன்றைக் கூட்டும், எழுதி முடிந்ததும் ஒன்றைக் கழிக்கும். ஒரு வேலை ஒரு பிராசசரில் தொடங்கி இன்னொன்றில் முடியலாம். அதனால் ஒன்றிடம் கூட்டலாகவே சேர்ந்திருக்கும், இன்னொன்றிடம் கழித்தலாகவே சேர்ந்திருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எதற்கும் அர்த்தம் இல்லை, எல்லாவற்றையும் கூட்டினால்தான் உண்மை. அந்தக் கூட்டல் சில விடிகாலைகளில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. தொடங்காத வேலை எப்படி முடியும்? எங்கோ ஏதோ கெட்டுவிட்டது என்று மெஷின் பயந்து, இருக்கிற படங்களையாவது காப்பாற்றுவோம் என்று புதிதாக எதையும் எழுத விடாமல் தன்னைப் பூட்டிக்கொண்டது. விபத்தில் அடிபட்டு வந்த ஒரு பெண்ணின் தலை ஸ்கேனைச் சேமிக்க முடியாமல், அவளைத் திரும்பவும் உள்ளே தள்ளிப் படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். ஆனால் நீ அதைச் சொல்லும்போது உன்னால் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

உன் மேலாளர் அந்த மாதக் கடைசிக்குள் காரணம் தெரியாவிட்டால் நீ எழுதியது முழுவதையும் எடுத்துவிட்டுப் பழைய ஒற்றைக் கவுன்ட்டருக்கே திரும்பிவிடலாம் என்று சொல்லியிருந்தார். அப்படிச் செய்தால் பகலில் கூட்டம் சேரும்போது மெஷின் ஊர்ந்துதான் போகும். அதுவும் அந்த மருத்துவமனைக்கு ஆகாது. அதுவரை விடிகாலைதோறும் யாராவது விழித்திருந்து மெஷினைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த யாராவது நீதான். பார்த்து முடித்து, உனக்குப் பொழுது விடிந்ததும் எனக்குக் கூப்பிட்டாய். எனக்கு அப்போது பிற்பகல். "கோட அனுப்பு, பாக்குறேன்" என்றேன். நான் ஓய்வுபெற்று வருஷங்கள் ஆகிவிட்டன, கண்ணில் புரை வேறு. எழுத்துகளை எவ்வளவு பெரிதாக்கினேன் என்றால், திரையில் ஒரு தடவைக்கு நாலைந்து வரிதான் தெரிந்தது. ஆனாலும் உன் கோடு படிக்கச் சுகமாக இருந்தது, ஐயா. தேவையில்லாமல் ஒரு வார்த்தை இல்லை. என் மகன் எழுதியது என்று பெயர் போடாமல் கொடுத்திருந்தாலும் தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்கு நீ கூப்பிட்டாய். முதலில் நான் சின்னக் கவுன்ட்டர் நிரம்பி வழிகிறதோ என்று சந்தேகப்பட்டேன். நீ சோதித்துப் பார்த்து இல்லை என்றாய். எங்காவது ஒரே வேலையை இரண்டு தடவை கழிக்கிறோமோ என்று நீ நினைத்தாய். கழிக்கும் இடங்களையெல்லாம் நான் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். அதுவும் இல்லை. வழி தெரியாமல் நின்ற நாட்களில் பேச்சு மெல்ல வேறு பக்கம் போனது. நீ அங்கே ரொட்டியில் சம்பல் தடவிச் சாப்பிடுவது எனக்கு அப்போதுதான் தெரியும். மாடி வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறாள், நம்ம ஊர்ப் பக்கத்துப் பாகான் செராய் பெண், மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள் என்று போகிற போக்கில் சொன்னாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த மீன் குழம்பு மறுவாரமும் வந்தது என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

ஒரு நாள் நீ திடீரென்று, "மா, அப்பா பஸ் என்னாச்சு?" என்று கேட்டாய். "பத்து காஜா டவுன்லேருந்து ஒருத்தரு வந்து வாங்கிட்டுப் போனாரு. அஸ்மான்னு பேரு. அதே ஸ்கூலுக்குத்தான் ஓட்டுறாரு. கலர்கூட மாத்தல" என்றேன். "நீங்க சொல்லவே இல்லையே." "நீ கேக்கலையேய்யா." பிறகு நீ, "இந்த வழியாத்தான் போவுதா?" என்றாய். "இப்ப வர்ற நேரம்தான். இரு" என்று போனை எடுத்துக்கொண்டுபோய் ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினேன். பஸ் வந்தது. முனையில் வேகம் குறைத்துத் திரும்பிப் போனது. பிள்ளைகள் கத்துகிற சத்தமும் சேர்ந்து கேட்டது. போனைக் காதில் வைத்தேன். "கியர் மாத்துறது அப்பா மாதிரி இல்லம்மா" என்றாய். "ஆமாய்யா. அப்பா ரெண்டாவதுலயே ரொம்ப தூரம் இழுப்பாரு." "டீசல் குடிக்கும்னு நீங்க திட்டுவீங்க." "ஆமா." அவர் போன பிறகு அவரைப் பற்றி நாம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, நல்ல மழை. கல்லுமலை தெரியாத அளவுக்குப் பெய்தது. கூரைச் சத்தத்தில் நீ பேசுவது கேட்கவில்லை என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னாய், "எனக்கு ஒன்னு புரியலம்மா. பகல்ல ஆயிரக்கணக்குல படம் வருது, அப்ப விழ மாட்டேங்குது. யாருமே இல்லாத விடிகாலைலதான் விழுது. பிசியா இருக்கும்போதுதானே விழணும்?"

"சும்மா இருக்கும்போது மெஷின் என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

"கரன்ட் மிச்சம் பண்ண சில பிராசசர அணைச்சிடும்."

"அணைக்கும்போது அது வச்சிருந்த எண்ணு?"

"பொதுக் கணக்குல சேத்துடும்மா. அதுக்குக் கோடு இருக்கு. நீங்களே படிச்சீங்க."

படித்தேன்தான். திரையில் மறுபடி அந்த இடத்துக்குப் போனேன். "எப்ப சேக்குது? உயிரோட இருக்கிற பிராசசருங்க பட்டியல் இருக்கே, அதுலேருந்து எடுக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நீயும் அந்த வரிகளைத் தேடிப் பார்த்தாய். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "பின்னாடி" என்றாய்.

"அந்த நடுவுல ஒருத்தன் சுத்தி வந்து கூட்டுனா?"

"பட்டியல்ல இருக்கிறத மட்டுந்தான் கூட்டுவான்." உன் மூச்சு எனக்குக் கேட்டது. "அது போயிடுச்சு மா. பட்டியல்ல இல்ல. ஆனா அது வச்சிருந்தது இன்னும் வந்து சேரல. அந்தக் கொஞ்ச நேரம் அது எங்கயுமே இல்ல."

கண்டுபிடித்துவிட்டோம். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். நீ சந்தோஷத்தில் கத்துவாய் என்று நினைத்தேன். ஆனால் வேறு ஒரு சத்தம் வந்தது. முதலில் லைன் கெட்டுவிட்டதோ என்று எண்ணினேன். பிறகுதான் நீ அழுகிறாய் என்று புரிந்தது. சின்ன வயதில் கீழே விழுந்தால்கூட அழாத பிள்ளை நீ. "அப்பா போனப்ப நான் வானத்துல இருந்தேன்மா" என்றாய். "டோஹாவுல எறங்கினப்போ போன்ல சிக்னல் இல்ல. அங்கேயே கடையில அப்பாவுக்கு ஒரு தொப்பி வாங்கினேன். ஆஸ்பத்திரில முடியெல்லாம் கலைஞ்சி கெடப்பாரு, போட்டுவிடலாம்னு. அடுத்த பிளைட்ல வர்ற வழியெல்லாம் அவருகிட்ட என்ன பேசணும்னு யோசிச்சிக்கிட்டே வந்தேன். நானே பேசணும், அவர பேச விடக் கூடாது, மூச்சு வாங்கும்னு. அவ்வளவு நேரமும் அவரு இல்ல. எனக்குத் தெரியல. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வந்தேன்."

அந்தத் தொப்பியை நான் பார்த்ததே இல்லை. நீ அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை என்று அப்புறம் சொன்னாய். அப்பா இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நீ வானத்தில் இருந்த அந்த நேரத்தில் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உனக்கு எப்படிச் செய்தி அனுப்புவது என்று எல்லோரும் கேட்டார்கள். அனுப்ப வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அவன் இறங்கி என் முகத்தைப் பார்க்கும் வரை அவனுக்காவது அவர் இருக்கட்டும் என்று நினைத்தேன். இதைச் சொன்னதும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. மழை விடும் வரை நாம் இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதோம். உன் மேலாளர் இரண்டு தடவை கூப்பிட்டதாகவும் நீ எடுக்கவில்லை என்றும் பிறகு சொன்னாய்.

பிழையைச் சரிசெய்ய அதிக நேரம் ஆகவில்லை. கூட்டுகிறவன் உயிரோடு இருக்கும் பிராசசர்களை மட்டுமல்ல, அணைந்துகொண்டிருப்பவற்றையும் பார்த்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். சில வரிகள். நீ பிராசசர்களை வேண்டுமென்றே அணைத்து அணைத்து ஏற்றிச் சோதித்தாய். ஒரு தடவைகூட விழவில்லை. மருத்துவமனையில் போட்டார்கள், விடிகாலைகள் அமைதியாகப் போயின. உன் கவுன்ட்டர்களை யாரும் எடுக்கவில்லை. அந்தத் திருத்தத்தோடு எழுதும் குறிப்பில் யோசனை சொன்னவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருந்தாய். இத்தனை வருஷ வேலையில் எத்தனையோ இடத்தில் என் பெயர் வந்திருக்கிறது. உன் பெயருக்குக் கீழே வந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும், "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்கீங்களே, அழகா இருக்கு" என்றார்.

ஆனால் மறுநாள் மூன்று மணிக்கு நீ கூப்பிடவில்லை, ஐயா. கூப்பிடக் காரணம் இல்லையே. நான் கண்ணாடியைத் துடைத்து, கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் வந்து திரும்பிப் போயிற்று. அந்தப் பெண்ணின் தலை ஸ்கேனை நினைத்தால் எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: இன்னும் கொஞ்ச நாள் தேடியிருக்கலாமே என்று இருந்தது. பிறகு நீ வாரம் ஒரு முறை கூப்பிட்டாய். பேச்சு முன்பு போல வறண்டு போகவில்லை. மீன் குழம்பு கொடுத்த மலர்விழியைப் பற்றிச் சொன்னாய், நீயாகவே சொன்னாய், நான் கேட்காமலே. எனக்கு அது பெரிய விஷயம். இருந்தாலும் தினமும் வருகிற ஒன்று பழகிவிட்டால் வாரத்துக்கு ஒன்று என்பது எவ்வளவு குறைவு என்று இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அதனால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். புத்திமதி என்று வைத்துக்கொள். நீ இப்போது நன்றாகப் பேசுகிற ஒருத்தியைக் கட்டியிருக்கிறாய். நானும் அப்படி ஒருவரைத்தான் கட்டினேன். நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய சௌகரியம். அவர்கள் பேசுவார்கள், நாம் "ம்" போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், வீடும் நிறைந்திருக்கும். ஆனால் அவளுக்கும் ஒரு நாள் களைத்துப்போகும். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க மற்றவர்களுடைய வலியைக் கேட்டுவிட்டு வருகிறவள் அவள். அப்படி அவள் பேசாமல் வந்து உட்காரும் நாளில் அவள் தொடங்கட்டும் என்று காத்திருக்காதே. நீ தொடங்கு. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் அன்றைக்கு உன் கோடில் என்ன நடந்தது என்று சொல். அவளுக்குப் புரியாது. பரவாயில்லை. உன் அப்பாவுக்கு என் டிரைவர்கள் ஒன்றுகூடப் புரிந்ததில்லை. ஆனால் நான் எப்போதாவது சொல்லத் தொடங்கினால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். மலர், நீயும் ஒன்று செய். அவன் சும்மா இருக்கும்போது கோபமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளாதே. அவன் ஒன்றைச் சொல்ல ஒரு வருஷம் எடுத்துக்கொள்வான். கொஞ்சம் இடம் விட்டால் சொல்லிவிடுவான்.

ஈப்போ ரயில் நிலையத்தில் உங்களை ஏற்றிவிட வந்தபோது, பெட்டிகளை உள்ளே தள்ளிவிட்டு நீ திரும்ப இறங்கி வந்தாய். "நீங்களும் எங்களோட வந்துடுங்க மா. இங்க தனியா என்ன செய்யப் போறீங்க?" என்றாய். மலரும் கதவருகே நின்று, "ஆமா அத்தே, வாங்க" என்றாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேனே தவிரப் பதில் சொல்லவில்லை. கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் நீ கை காட்டினாய், ரயில் போன பிறகும் நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். இப்போது சொல்கிறேன். வர ஆசை இல்லை என்று நினைக்காதே. தினமும் உங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் இப்போதே வந்தால் நான் உங்கள் வீட்டில் இன்னொரு பேசாத ஆளாகத்தான் உட்கார்ந்திருப்பேன். மலருக்கு ஒருவன் போதும். முதலில் நீங்கள் இருவரும் பேசிப் பழகுங்கள். கண் ஆபரேஷனை முடித்துக்கொண்டு, அங்கே குளிர் போன பிறகு வருகிறேன். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பி வருவேன். என் தெரு, நான் காய் வாங்கும் பாசார், என் வீடு எல்லாம் இங்கே இருக்கின்றன. அவர் இல்லாமல் இதிலெல்லாம் இருந்து பழக எனக்கும் அவகாசம் வேண்டும்.

இதுவரை எழுதிவிட்டு நிமிர்ந்தேன். பிற்பகல்தான். இத்தனை வருஷத்தில் நானாக உனக்குப் போன் செய்தது கிடையாது என்று அப்போதுதான் தோன்றியது. முதலில் அப்பா செய்தார், பிறகு நீ செய்தாய். நான் எப்போதும் எடுக்கிறவளாகவே இருந்துவிட்டேன். போனை எடுத்து உன் எண்ணை அழுத்தினேன். மலர்தான் எடுத்தாள். "என்ன அத்தே, ஏதாச்சும் பிரச்சனையா?" என்று பதறினாள். "ஒன்னுமில்லம்மா, சும்மாதான் அடிச்சேன்" என்றேன். அவள் உன்னைக் கூப்பிடுவதும், நீ தூக்கக் கலக்கத்தோடு நடந்து வருவதும் கேட்டது. "என்ன மா?" என்றாய். "ஒன்னுமில்லய்யா." "உடம்புக்கு ஏதும்…" "ஒன்னுமில்ல. சும்மா." நீ சிரித்தாய். பெட்டி பிரித்தாயா என்று கேட்டேன், பாதி என்றாய். இங்கே வெயில் என்றேன், அங்கே மழை என்றாய். அதற்குப் பிறகு உனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை, எனக்கும் இல்லை. தண்ணீர் கொதிக்கும் சத்தமும், மலர் கோப்பை எடுத்து வைக்கும் சத்தமும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை.

அம்மா